மாமனார் கழுத்துக் கம்பளி

சடையாண்டிக்குப் பெண் கிடைத்ததே பெரிய விஷயம். கோத்தகிரி மரகதம் சம்மதித்துவிட்டாள். அவளுடைய அப்பா வேலாயுதம்தான் நிபந்தனை போட்டார்.

"இந்தக் குளிருல கழுத்து விறைச்சுப் போகுது மாப்பிள்ளை. கழுத்துல மாட்டுற கம்பளி வளையம் ஒண்ணு, மேடும் பள்ளமுமா, உங்க கையால குரோஷாப் பின்னல் போட்டுக் குடுங்க. குடுத்தா கல்யாணம். இல்லேன்னா வேற இடம் பாக்குறேன்."

சடையாண்டி பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் யோசனைக்குப் பஞ்சமில்லை. மொக்கசாமி, வெயிலுகந்தான் என்று இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். மூவரும் நூலும் கொக்கி ஊசியும் வாங்கிக்கொண்டு வேலாயுதம் வீட்டிலேயே போய் இறங்கினார்கள். கழுத்து அங்கேதானே இருக்கிறது. செய்முறை கேட்க, நூல் விற்ற செல்லக்கிளி அக்காவுக்குப் போன் போட்டார்கள்.

"முதல்ல கழுத்தளவுக்குச் சங்கிலி போடுங்க தம்பி. ரெண்டு முனையையும் சேத்துருங்க."

"தங்கமா, இரும்பா?" என்றான் மொக்கசாமி.

"தங்கம்னா அக்கா சொல்லியிருக்குமே," என்றான் வெயிலுகந்தான்.

நியாயமான பேச்சு. தொழுவத்திலிருந்து மாட்டுச் சங்கிலி வந்தது. ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று வேலாயுதம் தலையைக் குனிந்து கொடுத்தார். இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவி தொலைந்து வெகுநாளாகிறது.

"போட்டாச்சு அக்கா."

"அதுக்குள்ளயா? கெட்டிக்காரங்கதான். இனிமே ஊசிய விட்டு நூலை எடுங்க."

சடையாண்டிக்கு ஊசியை விட மனசே வரவில்லை. காசு கொடுத்து வாங்கியது. ஆனால் கல்யாணம் முக்கியம். ஊசியை ஜன்னல் வழியாக விட்டுவிட்டு நூலை எடுத்தான்.

"அப்புறம் முன்னால ஒரு சுத்து, பின்னால ஒரு சுத்து. அப்பத்தான் மேடு பள்ளம் விழும்."

சடையாண்டி நூலோடு மாமனாரை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு போன வழியிலேயே பின்பக்கமாக நடந்து ஒரு சுற்று வந்தான். மத்தியானம் வரை நடந்தும் கழுத்தில் ஒரு இழைகூட நிற்கவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா கழுத்து நூலைத் தின்னுதுடா."

வெயிலுகந்தான் வெகுநேரம் யோசித்தான். "தப்பு நம்ம மேலதான். நீ முன்னால போகணும். மொக்கசாமி பின்னால வரணும். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா எப்படி?"

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சாயங்காலம் கம்பளி மூக்கு வரை ஏறியது. வாயும் உள்ளே போய்விட்டதால் வேலாயுதம் மறுத்து ஒன்றும் பேசவில்லை. மூக்கு மேடாகவும் கண்கள் பள்ளமாகவும் தெரிந்ததில் மூவருக்கும் பரம திருப்தி. இனி என்ன செய்ய என்று அக்காவிடம் கடைசியாகக் கேட்டார்கள்.

"வெதுவெதுப்பான தண்ணியில முக்கிப் பிழிஞ்சு, நிழல்ல மல்லாக்கப் போட்டுக் காய விடுங்க. சுருக்கமெல்லாம் போனதும் எடுத்துக் குடுத்துரலாம்."

கம்பளியைத் தனியாகக் கழற்ற வழியில்லை. ஆளோடு சேர்த்து அண்டாவில் முக்கினார்கள். தலைப்பக்கம் ஒருவன், கால்பக்கம் ஒருவன் பிடித்துப் பிழிந்தார்கள். மரத்தடிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் மரகதம் காபியோடு வந்தாள். "அப்பா என்ன சொன்னாரு? கல்யாணம் எப்ப?"

சடையாண்டி கட்டிலருகே குனிந்து மாமனாரின் நெற்றியை விரலால் நீவிப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"கம்பளி காஞ்சிருச்சு மரகதம். சுருக்கம்தான் போகமாட்டேங்குது."

மொக்கசாமி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"கவலைப்படாதடா. ஏம்மா, வீட்டுல இஸ்திரிப் பெட்டி இருக்கா? இருந்தா இன்னைக்கே கல்யாணத்த வச்சுக்கலாம்."