நகர்ந்துபோன லாட்ஜ்

முட்டாள்தனத்துக்கு ஒரு தலைநகரம் வேண்டுமென்று சர்க்கார் தேடினால் ரொம்ப அலைய வேண்டாம். எங்கள் சுனைப்பட்டி சும்மாதான் கிடக்கிறது. அந்த ஊர் சீனிச்சாமிக்கு உரக்கடைக் குலுக்கலில் கோலாலம்பூர் போய்வரப் பரிசு விழுந்தது. ஒற்றை ஆளுக்குத்தான் டிக்கெட்.

ஊரே கூடி ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பியது. "லாட்ஜுக்கு எதிர்ல ஒரு அடையாளத்தப் பாத்து வச்சுக்க. உசுரு போனாலும் அதக் கண்ண விட்டு விட்றாத."

போன களைப்பில் தூங்கியே தீர்த்தவனுக்கு ஊர் பார்க்க மிஞ்சியது கடைசி நாள். சாயங்காலம் விமானம். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் லாட்ஜ் அறையில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வெளியே வந்தான்.

எதிரே வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு கட்டடம். உச்சி மேகத்துக்குள் இருந்தது. முழுசாகத் தெரியாத பொருளை எப்படி நம்புவது? அதனடியில் மஞ்சள் குடையோடு ஒரு பெரியவர் நின்றார். தலை முதல் கால் வரை பளிச்சென்று தெரிந்தார். சீனிச்சாமி அவரையே அடையாளமாக வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அடையாளம் நடக்க ஆரம்பித்தது.

விடலாமா? இவனும் பின்னாலேயே நடந்தான். குடை மடங்கி ரயிலேறியது; இவனும் ஏறினான். குடை சந்தைக்குள் நுழைந்தது, இவனும் நுழைந்தான். நடுவில் மைத்துனன் ஒச்சப்பன் போன் போட்டான்.

"ஊரு எப்படி மச்சான் இருக்கு?"

"நல்லா மஞ்சளா இருக்குடா."

வெயில் சாய்ந்தபோது குடை ஒரு முக்கில் நின்றது. எதிரே மீன்கடை. சீனிச்சாமி சுற்றும் முற்றும் லாட்ஜைத் தேடினான். ஊரில் ஒச்சப்பனுக்குப் போன் போட்டான்.

"டேய், அடையாளம் இங்கனதான் நிக்குது. லாட்ஜக் காணோம்! பிளேனுக்கு வேற நேரமாச்சு!"

டீக்கடையில் சபை கூடியது. சித்தப்பா வீரணன் போனை வாங்கி விசாரித்தார். "அடையாளத்தக் கண்ண விட்டியாடா?"

"இமைக்கக்கூட இல்ல சித்தப்பா."

"அப்ப உம்மேல தப்பில்ல. லாட்ஜுதான் தொலைஞ்சிருக்கு."

"அம்புட்டுப் பெரிய கட்டடம் எப்படி மாமா தொலையும்?" என்றான் ஒச்சப்பன்.

"அம்மாம் பெரிய கம்மாயே நம்ம ஊர்ல காணாமப் போச்சு. லாட்ஜு எம்மாத்திரம்?"

சபை அதை ஒப்புக்கொண்டது. "போலீஸ்ல எழுதிக் குடுத்துரு" என்று தீர்ப்பானது.

அங்கே மீன்கடை முக்கில், இவன் போனில் பேசிய தமிழைக் கேட்டு மஞ்சள் குடை திரும்பியது. பெரியவர் கண்ணில் தண்ணீர்.

"தம்பி, நீங்களும் நம்ம பக்கமா? என் லாட்ஜையும் காணோம்யா! காலையில உங்களத்தான் அடையாளமா வச்சேன். எங்க திரும்புனாலும் பின்னாலயே நின்னீங்க. சரி, லாட்ஜு பக்கத்துலதான் இருக்குன்னு தைரியமா நடந்தேன்."

இருவரும் கைகோத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

"லாட்ஜுக்கு எதிரே ஏதாவது அடையாளம் இருந்துச்சா?"

சீனிச்சாமி பெரியவரைக் காட்டினான். பெரியவர் சீனிச்சாமியைக் காட்டினார்.

காட்டிய விரல் மடங்கும் முன்பே இருவருக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி! அடையாளம் ரெண்டும் இங்க இருக்குன்னா..."

"லாட்ஜு ரெண்டும் வாசல்லதான் நிக்கும், வாங்க தம்பி!"

பாஸ்போர்ட்டை எடுக்க இருவரும் வெளியே பாய்ந்தார்கள்.