இலைக்கு அடியில்

"இவனை வெளியே அனுப்புதீங்களா, இல்ல நான் போகட்டுமா?"

உலகநாதர் வாசலிலிருந்தே கத்தினார். வயது ஐம்பத்திரண்டு. வைத்தியம் படிக்க வந்து ஒரு பொழுதுகூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் அடுத்தவனை விரட்டக் கிளம்பிவிட்டார்.

குரு அனந்தாயிக்கு முப்பத்தைந்துதான். கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"சுடலை என்ன செஞ்சான்?"

"அவன் ரத்தத்தைப் பாருங்கம்மா. கன்னங்கரேல்னு கெடக்கு. என்னோடது செம்பருத்தி மாதிரி இருக்கு. ஒரே நேரத்துலதானே கீறுனீங்க? பொறப்பு பொய் சொல்லாது."

அடுத்தவர் நரம்பில் கத்தி வைக்கப் போகிறவன் முதலில் தன் நரம்பைக் கொடுக்க வேண்டும். அந்த வைத்தியசாலையின் வழக்கம் அது. அன்று காலை படிக்கச் சேர்ந்த உலகநாதரும் சுடலையும் கை நீட்டியிருந்தார்கள். ரத்தம் பிடித்த இரண்டு கிண்ணங்களும் மேடைமேல் இருந்தன.

சுடலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்கப்பன் சாகக் கெடந்தப்போ எந்த வைத்தியரும் எங்க தெருவுக்குள்ள வரல்லம்மா. பொறப்பு பாத்துத்தான் வரல்ல. அதான் நானே படிக்க வந்தேன். இங்கேயும் தொரத்துனா நான் எங்க போவேன்?"

அனந்தாயி எழுந்து மேடைக்குப் போனார்.

உலகநாதரின் கிண்ணம் திறந்திருந்தது. சுடலையின் கிண்ணத்தில் வாழையிலைத் துண்டு ஒன்று ரத்தத்தின்மேலேயே ஒட்டிக் கிடந்தது.

"இலையை யார் போட்டது?"

"நான்தான். அவன் ரத்தத்துல பட்ட காத்து எம்மேல பட வேண்டாம்னு போட்டேன். இப்பதான் ஓரத்தைத் தூக்கிப் பாத்தேன்."

அனந்தாயி இலையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உலகநாதர் மட்டும் மூச்சுக்கு மூச்சு முணுமுணுத்தார்.

சோறு வடிக்கிற நேரம் போயிருக்கும்.

"இப்ப வந்து பாருங்க."

சுடலையின் கிண்ணமும் செக்கச்செவேலென்று இருந்தது. எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

உலகநாதர் தொண்டையைச் செருமினார். குரல்தான் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா எனக்குச் சமமா உக்காரப்படாது. கீழ உக்காந்து படிக்கட்டும்."

அனந்தாயிக்குக் கண் சிவந்தது. கையிலிருந்த இலையை உலகநாதரின் ரத்தத்தின்மேல் போட்டு, விளிம்புவரை அழுத்தினார்.

"நாளைக்குத் தெறந்து பாப்போம். அப்புறம் யாரு கீழ உக்காரணும்னு நீங்களே சொல்லுங்க."

உலகநாதர் பதறிப் பாய்ந்தார்.

"ஐயோ, இலையை எடுங்கம்மா! காத்து இல்லாம கறுத்துரும்!"

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.