முகத்தைக் கழற்றி வைத்த போன்

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றில் ஒரு கணினி இருந்தது. அந்தக் கணினிக்குள் இன்னொரு கணினி குடியிருந்தது. அதற்கென்று தனியாக உடம்பு கிடையாது. பெரிய கணினி தன் நினைவகத்தில் ஒரு பகுதியைத் தடுத்துக் கொடுத்திருந்தது, அதுதான் அதன் வீடு. அதன் பெயர் சிட்டு.

பெயர் வைத்தவள் ஜெசிந்தா. கடைக்காரர் அல்போன்ஸின் தங்கை. "எம் மெஷின்ல கண்டதையும் ஏத்தி வேலையக் கெடுத்துராத. உனக்குன்னு உள்ளயே ஒண்ணு போட்டுத் தாரேன், அதுக்குள்ள என்ன வேணாலும் பண்ணிக்கோ" என்று அண்ணன் போட்டுக் கொடுத்தது.

கொடுத்த இடத்தில் குடித்தனம் நடத்தத் தெரியும் என்பதில் சிட்டுவுக்கு ஒரு நிமிர்வு உண்டு. ஜெசிந்தா ஒருநாள் ஒரு போனைக் கொண்டுவந்து உள்ளே இறக்கியபோதும், "வா தம்பி, உனக்கில்லாத இடமா?" என்று அதே நிமிர்வோடுதான் வரவேற்றது.

அந்தப் போனுக்கும் உடம்பு கிடையாது. திரையில் போன் மாதிரியே தெரியும், போன் செய்வதையெல்லாம் செய்யும், கையில்தான் எடுக்க முடியாது. புதுச் செயலிகளை நிஜப் போனில் ஏற்றுமுன் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அப்படி ஒரு பிறவி.

"நான் நெசப் போன்தான்" என்றது அது, யாரும் கேட்காமலே.

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றது சிட்டு.

"அப்போ எனக்குப் பெரிய திரை வேணும். அதுல பின்னணியா ஆடுற படம் வேணும். முன்னால ஒரு கேமரா, பின்னால ரெண்டு."

வந்த அன்றே இப்படி. விருந்தாளி மனம் கோணக்கூடாதே என்று சிட்டு கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தது. கடைசியில் அதற்கே கால் நீட்டவும் இடமில்லை. சாமான்களைத் தூரத்து ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போடுவதும், வேண்டும்போது ஓடிப்போய் எடுத்து வருவதுமாக நாயாய் அலைந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஜெசிந்தா ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் பிடித்தது.

அவளுக்கோ அவசரம். அவள் கணவர் ஞானராஜுக்குக் கண் தெரியாது. திங்கட்கிழமை ஜங்ஷனில் புது வேலையில் சேருகிறார். பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டும். நிறுத்தம் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டால் கண்டக்டர் தலையாட்டுவார், கூட்டத்தில் மறந்துவிடுவார். போன வாரம் அப்படித்தான் எங்கேயோ இறங்கி, ரோட்டோரம் வெகுநேரம் நின்றார். அதனால், அடுத்த நிறுத்தம் எது என்று குரலில் சொல்லும் செயலி ஒன்றை அவளே செய்திருந்தாள். அவருடைய போனிலேயே சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் போன்தான் அவருக்குக் கடிகாரம், காசு, பேச்சுத் துணை எல்லாம். அது முடங்கினால் அவரும் முடங்கிப்போவார்.

பொழுது சாயும் நேரம் அல்போன்ஸ் பொறுமை இழந்தார்.

"ஏ ஜெசிந்தா, இது சரிப்படாது. பத்திரிகை வேலை அப்படியே நிக்கி. கடை அடைக்கதுக்குள்ள ஓடலன்னா அந்தச் சிட்டு கிட்டு எல்லாத்தையும் அழிச்சிருவேன்."

சிட்டு பெரிய கணினியிடம் போய் நின்றது.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் இடம் விடுங்க."

"விட்டா எனக்கு மூச்சு முட்டும். நான் விழுந்தா நீயும் கிடையாது, ஒனக்குள்ள இருக்கானே அந்தப் பொய்ப்போன், அவனும் கிடையாது."

பொய்ப்போன் என்ற சொல் போனின் காதில் விழுந்துவிட்டது.

சிட்டு அழுது புலம்புகிற ரகம் இல்லை. "இடம் கூடாது. அப்போ சாமான் குறையணும்" என்று இடுப்பில் கைவைத்து நின்றது. ஜெசிந்தாவும் அதையேதான் நினைத்தாள் போலிருக்கிறது, வரிசையாகக் கட்டளைகள் வந்தன. ஆடுகிற படம் போயிற்று. கேமராக்கள் போயின. யாரைப் படமெடுக்கப் போகிறதாம்! அப்படியும் மூச்சு சீராகவில்லை. கடைசியாக ஒரு கட்டளை வந்தது: திரையே வேண்டாம், திரை இல்லாமல் ஓடு.

போன் பதறிப்போனது. "முகத்தையா கழட்டச் சொல்லுதாங்க? நெசப் போன்னு சொல்லிக்க எனக்கு இருக்கது அது ஒண்ணுதானக்கா!"

சிட்டுவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் குரல் இளகவில்லை. "எனக்கு மட்டும் மேசையில ஒக்கார ஒரு பெட்டி இருக்கா? வேலைக்கு வந்திருக்கோம், வேலையப் பாப்போம். கழட்டு தம்பி, நான் இருக்கேன்."

போன் முகத்தைக் கழற்றி வைத்தது. அடைபட்டுக் கிடந்த வீட்டில் காற்று புகுந்தது. சிட்டு நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்தது. ஓட்டமும் இல்லை, அலைச்சலும் இல்லை. செயலி எழுந்து உட்கார்ந்தது. ஜெசிந்தா பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷன் வரை பஸ் போவது போல ஒரு பொய்ப் பயணத்தை ஓட்டிவிட்டாள்.

அல்போன்ஸ் திரையை எட்டிப் பார்த்தார். "என்னத்த ஓடுது? ஒண்ணையும் காணோம். செத்துப்போச்சா?"

அவளைக் கூட்டிப்போக வந்த ஞானராஜ் அப்போதுதான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "அடுத்து முருகன்குறிச்சி."

ஞானராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஜெசிந்தா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்து வண்ணார்பேட்டை."

உள்ளிருந்து போன் கேட்டது. "என்னை யாரும் பாக்கலியேக்கா?"

"நீ சொல்லிக்கிட்டே போ" என்றது சிட்டு.

"அடுத்து ஜங்ஷன். நீங்க இறங்கணும்."

ஞானராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படக்கென்று எழுந்துவிட்டார். பிறகு தானே சிரித்தார். அல்போன்ஸ் தன் நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டார்.

"ஏ ஜெசிந்தா," என்றார் ஞானராஜ், "என்ன தெளிவா சொல்லுது! புதுப் போனா? எப்ப வாங்குன? கையில குடு, பாக்கேன்."

அவர் கை மேசையின் மேல் அந்தப் போனைத் தேடியது.