தண்ணீரைத் தொட்டுப் பார்த்த உள்ளான்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, உள்ளான் குருவிக்குக் கடல் என்றாலே ஆகாது. இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அப்போது அது குடியிருந்தது உப்பளத்து வரப்பில். வெள்ளை வயிறு, குச்சிக் கால், ஊருக்கே போதுமான வாய். காலில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், "போச்சு, எனக்குக் காய்ச்சல் வரப்போகுது" என்று ஒற்றைக் காலில் நின்று நாள் முழுக்கப் புலம்பும்.

அந்த உப்பளத்தில் செம்பவளம் என்ற பெண் உப்பு வாரினாள். மதியம் சோற்றுப் பானையைத் திறந்தால் முதல் கவளம் வரப்பில் இருக்கும் உள்ளானுக்குத்தான். அது அதைத் தின்றுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்று குற்றமும் சொல்லும். "உப்பளத்துல இருந்துகிட்டு உப்புக் கூடிப்போச்சாம், ஆளைப் பாரு" என்று அவள் சிரிப்பாள்.

உப்பளத்தில் நிமிர்ந்து நின்றால் கிழக்கே ஓதத்தீவு மடம் தெரியும். கடல் ஏறினால் அது தீவு. கடல் வற்றினால் இரண்டு நாழிகை நடையில் மணல் வழியே போய்விடலாம். துறவிகள் கட்டிய கல் மடம் அது. அப்போதே அதற்கு முந்நூறு வயது. ஒரு வற்றத்துக்கு ஒரு கல் என்று உருட்டிக்கொண்டு போய்க் கட்டினார்களாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபது வருஷமாகச் செம்பவளம் அதைப் பார்த்துக்கொண்டுதான் உப்பு வாருகிறாள். ஒரு நாளாவது அந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெரிய ஆசை என்று அதைச் சொல்ல முடியுமா? கண்ணெதிரே இருப்பதுதானே. ஆனால் கண்ணெதிரே இருப்பதற்குத்தான் யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு நான்கு தூறல் போட்டது. பாத்தியில் உப்பு கரைந்து, ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். செம்பவளம் அன்றைக்கே ஏழு பெண்களைக் கூட்டிவிட்டாள்.

"மடத்துக்குப் போவோம். காலையில போயி மத்தியானம் திரும்பிடலாம்."

"கடல் வந்துட்டா?" என்று கேட்டாள் குயிலி. அவளுக்கு இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"நேரம் கேட்டுட்டு வாரேன். என்னை நம்பி வாங்க."

வலைக்காரர் சடையாண்டியிடம் போய்க் கேட்டாள். அவர் வானத்தையும் விரலையும் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெள்ளிக்கிழமை போங்க தாயி. பொழுது விடிஞ்சு எட்டு நாழிகைக்குக் கடல் வழி விடும். பதினெட்டாம் நாழிகைக்கு மூடிக்கிடும். போக ரெண்டு, வர ரெண்டு, சுத்திப் பார்க்க ஆறு. தாராளம்."

செம்பவளம் அதைத் துணி முடிச்சாகப் போட்டுக்கொண்டாள். முந்தானையின் ஒரு மூலையில் எட்டு முடிச்சு, மறு மூலையில் பதினெட்டு. இது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மாரக்காள் வாய் திறக்கும் வரைக்கும்.

மாரக்காள் செம்பவளத்துக்கு நாத்தனார் முறை. பஞ்சாங்கம் அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது.

"வெள்ளிக்கிழமையா? வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் வீட்டைப் பூட்டிகிட்டுப் போனா, வர்ற லட்சுமி திண்டாட மாட்டாளா? நான் வரலை."

"அப்போ சனிக்கிழமை, மதினி?"

"சனி கிழக்கே சூலம்டி. மடம் எந்தத் திசையில இருக்கு?"

"வியாழன்?"

"கரிநாள்."

"அப்போ நீங்களே சொல்லுங்க."

"புதன்தான். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

எல்லாரும் தலையாட்டினார்கள். வரப்பில் இருந்த உள்ளான் மட்டும், "நாளை மாத்துனீங்களே, நாழிகையை மாத்துனீங்களா?" என்று கேட்டது. "கடல் பக்கமே போகாத குருவிக்கு என்ன தெரியும்" என்று மாரக்காள் அதை விரட்டினாள். அதற்கும் ஒன்றும் தெரியாதுதான். சும்மா கேட்பது அதன் வழக்கம். ஆனால் கேட்ட கேள்வி என்னவோ லட்சம் பெறும். கடல் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட இரண்டு நாழிகை தாமதித்துத்தான் வழி விடும். வெள்ளிக்கிழமையிலிருந்து புதனுக்கு வந்தால், நான்கு நாழிகை முன்னாலேயே வழி திறந்து, நான்கு நாழிகை முன்னாலேயே மூடிவிடும். சடையாண்டியிடம் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சூலம் பார்த்தார்கள், கரிநாள் பார்த்தார்கள், கடலைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை பொழுது விடியும் முன்னே புளியோதரை கிளறி, வாழை இலையில் கட்டி, பெரிய ஓலைப்பெட்டியில் அடுக்கினார்கள். எட்டாம் நாழிகைக்குக் கரையில் நின்றபோது மணல் காய்ந்து வெளேரென்று கிடந்தது. "பார்த்தியா, சொன்ன நேரத்துக்கு வழி விட்டிருச்சு" என்றாள் மாரக்காள். அது திறந்து நான்கு நாழிகை ஆயிற்று என்பது யாருக்குத் தெரியும்? செம்பவளம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் விளிம்பில் உள்ளான் உட்கார்ந்துகொண்டது. "மணல் அடியில ஈரமா இருக்கும், நான் இறங்கமாட்டேன்" என்றது.

மடத்தைப் பக்கத்தில் பார்த்ததும் அந்த எட்டுப் பெண்களும் பேச்சற்றுப் போனார்கள். மாரக்காளும்கூடத்தான். கடலுக்குள்ளே இறங்கும் பதினெட்டுப் படிகள். கீழ்ப் படிகளில் பச்சைப் பாசி, மேல் படிகளில் முந்நூறு வருஷத்துக் கால் தேய்ந்த வழவழப்பு. சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழையவில்லை. நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுமுற்றத்தில் ஒரு கிணறு. செம்பவளம் ஒரு கை அள்ளிக் குடித்தாள். இளநீர்! இருபது வருஷம் உப்பிலேயே கிடந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன மனுஷங்கடி!" என்றாள். "பாதி நாள் வழியே இல்லாத இடத்துல, ஒரு கல்லு ஒரு கல்லா... நாம நாலு தூறலுக்கே வேலையை விட்டுட்டு வந்துட்டோம்."

மடத்தில் அன்றைக்கு ஒரே ஒரு பெரியசாமி இருந்தார். மற்றவர்கள் தீவின் மறுகோடிக்கு விறகு பொறுக்கப் போயிருந்தார்கள். பெரியசாமி பன்னிரண்டு வருஷ மௌன விரதக்காரர். அவர் எல்லாருக்கும் விபூதி கொடுத்தார். சூரியனைப் பார்த்தார். முகம் மாறியது. கரைப் பக்கம் கையை நீட்டினார். மறுபடியும் நீட்டினார்.

"ஆசீர்வாதம் பண்ணுறாரு" என்றாள் மாரக்காள். எட்டுப் பேரும் விழுந்து கும்பிட்டார்கள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். தண்டத்தால் தரையைத் தட்டினார். படி வரைக்கும் அவர்களைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "இன்னும் முடிச்சு ஆறு பாக்கி இருக்கே, சாமி எதுக்கு விரட்டுறாரு?" என்று செம்பவளத்துக்கு மனசு கசந்தது. இருபது வருஷம் காத்திருந்து, ஒரு தூணைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சரி, பெரியவர் கோபித்துக்கொண்டால் நிற்க முடியுமா? கிளம்பினார்கள். கோபத்தில் கிளம்பினார்களே தவிர நடையில் அவசரம் இல்லை. வழியில் உட்கார்ந்து புளியோதரையும் சாப்பிட்டார்கள்.

பின்னாலிருந்து மடத்துச் சங்கு கேட்டது. விடாமல் கேட்டது. "உச்சிப் பூசை" என்று சொல்லி, மாரக்காள் திரும்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாதி வழியில் செம்பவளம் தெற்கே ஒரு பளபளப்பைப் பார்த்தாள். தண்ணீர்போல நெளிந்தது. வடக்கேயும் இருந்தது. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. உப்பளத்தில் வெயில் ஏறினால் பாத்திக்கு அப்பால் கானல் ஓடும். அசல் தண்ணீர்போலவே இருக்கும். புது மருமகளாக வந்த முதல் வாரத்தில் செம்பவளம் அதைப் பார்த்து, "ஐயோ, கடல் வந்துட்டு" என்று வாருகோலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். 'கடல் வந்துட்டு' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். உப்பளத்துக்காரிக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை. அன்றைக்கு மற்ற ஏழு பேரும்கூட அந்தப் பளபளப்பைப் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்தார்கள். கானல் என்று நினைத்தார்கள். கொஞ்சம் சந்தேகப்பட்டவளும் வாய் திறக்கவில்லை.

செம்பவளம் குயிலியின் இடுப்பைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. 'என்னை நம்பி வாங்க' என்று தான் சொன்னது காதில் கேட்டது.

"உள்ளான்," என்றாள் மெதுவாக. "அது கானலா, கடலா?"

உள்ளான் எழும்பி வட்டமடித்துப் பார்த்துவிட்டு வந்தது. "மேலேயிருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் மினுக்குது. தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"தொட்டுப் பார்க்கிறது யாரு?"

உள்ளான் தன் காலைப் பார்த்தது. ஒரு நாளும் நனையாத கால். பிறகு அவளைப் பார்த்தது. தினம் தினம் முதல் கவளம் போட்ட கை அவளுடையது. "எனக்குக் காய்ச்சல் வந்தா நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பறந்து போய், அந்தப் பளபளப்பின் ஓரத்தில் இறங்கி, ஒரு காலை எடுத்து வைத்தது.

சில்லென்று இருந்தது. வாயில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தது. உப்பு.

"கடல்! செம்பவளம், கடல்! ஓடு!"

செம்பவளத்துக்கு அப்போது வெட்கமும் இல்லை, மானமும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். "கடல் வந்துட்டு! ஏட்டி, கடல் வந்துட்டு!"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. செம்பவளம் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து மிச்சச் சோற்றை மணலில் கொட்டி, குயிலியின் குழந்தையை அதில் படுக்கவைத்துத் தன் தலையில் தூக்கிக்கொண்டாள். மாரக்காளின் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது? நேர் வழியில் பள்ளங்கள். பள்ளத்தில்தானே தண்ணீர் முதலில் நிறையும்.

உள்ளான் பறக்கவில்லை. பறந்தால் மேடும் பள்ளமும் தெரியாது. அது தண்ணீரின் விளிம்பிலேயே ஓடியது. அலை பின்வாங்கினால் அதன் பின்னாலேயே ஓடி, மணல் எங்கே கெட்டியாக இருக்கிறது என்று காலால் தட்டிப் பார்த்தது. அலை வந்தால் அதற்கு முன்னால் ஓடிவந்து, "இப்படி வா, இப்படி வா!" என்று கத்தியது. அதன் குட்டிக் காலடித் தடங்கள் மேட்டு மணலில் புள்ளி வைத்ததுபோல் விழுந்தன. எட்டுப் பெண்களும் அந்தப் புள்ளிகள் மேலேயே ஓடினார்கள். புள்ளியை அலை அழிக்கும். உள்ளான் மறுபடி வைக்கும். முழங்கால், தொடை, இடுப்பு. கடைசி நூறடி தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. செம்பவளம் பெட்டியை இரண்டு கையாலும் உயரப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழந்தை விழித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து எதற்கோ சிரித்தது.

கரையேறியதும் எண்ணிப் பார்த்தார்கள். எட்டுப் பேர், ஒரு குழந்தை. குறைவில்லை. குயிலி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாரக்காள் நனைந்த சேலையோடு மணலில் உட்கார்ந்தாள். "புதன் கிடைச்சுதுடி, நாமதான் கிடைக்காமப் போகப் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டுச் செம்பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் சங்கு நின்றது. பெரியசாமி மடத்தின் மேல்படியில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது தெரிந்தது. அதுதான் ஆசீர்வாதம்.

செம்பவளம் உள்ளானைத் தேடினாள். அது இன்னும் அலையோரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வயிறெல்லாம் நனைந்து, கால் நடுங்கி, மூச்சு வாங்கியது.

"நாங்க வந்துட்டோம், கண்ணு. எல்லாரும் வந்துட்டோம். வா, வந்து உட்காரு. உனக்குக் காய்ச்சல் வரும்."

உள்ளான் நிற்கவில்லை. "நீங்க வந்துட்டீங்க," என்றது ஓடிக்கொண்டே. "இன்னும் யாராவது மணல்ல இருந்தா?"

இரண்டு நாள் கழித்து, லட்சுமி கோபித்தாலும் பரவாயில்லை என்று, அதே எட்டுப் பேரும் வெள்ளிக்கிழமை ஓதத்தீவுக்குப் போனார்கள். சடையாண்டி சொன்ன நாழிகையில் போய், ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். கிளம்பும் முன் புளியோதரையில் முதல் கவளத்தை எடுத்துச் செம்பவளம் அலையோரத்தில் வைத்தாள். உள்ளான் அதை ஓட்டத்திலேயே கொத்திக்கொண்டு போனது. உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லக்கூட அதற்கு நேரமில்லை.

அன்று முதல்தான் உள்ளான் வரப்பை விட்டு அலையோரத்துக்குக் குடிவந்தது. அன்று முதல்தான் அலை போனால் பின்னால் ஓடுகிறது, அலை வந்தால் முன்னால் ஓடுகிறது, சிறகு இருந்தும் காலால் ஓடுகிறது. மடத்துக்குப் போகிற பெண்களும் அன்று முதல்தான் பஞ்சாங்கத்துக்கு முன்னால் உள்ளானைப் பார்க்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உள்ளே போய் ஓடுகிறதோ, அவ்வளவு தூரம் தங்களுக்கு வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.