வெள்ளை முயலின் சிக்கரித் தோட்டம்

ஓடை வளைந்து போகும் ஒரு காட்டில், மற்ற முயல்கள் எல்லாம் மண் நிறத்தில் இருக்க, ஒரே ஒரு முயல் மட்டும் வெள்ளையாகப் பிறந்திருந்தது. அதன் பெயர் தும்பையன். வெள்ளையாகப் பிறப்பதற்குத் தான் மிகவும் பாடுபட்டதாக அது நம்பிக்கொண்டிருந்தது.

தும்பையனுக்கு ஒரு மனைவி, நான்கு குட்டிகள். மழைக்காலத்தில் ஓடை பெருகி அவர்கள் வளையைச் சூழ்ந்துகொள்ளும். ஒரு மாதம் வெளியே தலைகாட்ட முடியாது. அதற்கு முன்பே சிக்கரிக் கிழங்கைத் தோண்டி உள்ளே சேர்த்தால்தான் குட்டிகள் பிழைக்கும். ஆமாம், உங்கள் வீட்டுக் காப்பிப் பொடியில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான். முயல்கள் அதைக் காப்பி இல்லாமலே சாப்பிடும்.

ஐம்பது செடிக்கு இருந்த இடத்தில் தும்பையன் நூறு செடி நட்டிருந்தது. கூட்டம் இருந்தால்தானே பெருமை! செடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இலைகள் பளபளக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் அவற்றின் தலையில் தண்ணீர் ஊற்றியது.

ஒருநாள் மூன்று செடிகளின் இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தும்பையன் பதறி ஓடியது. பக்கத்துத் தோட்டத்து முள்ளம்பன்றி ஊசியம்மாவைக் கூட்டிவந்து காட்டியது. ஊசியம்மா எதையும் பட்டென்று சொல்லிவிடும். அதனால் அதற்கு நண்பர்கள் குறைவு.

"தம்பி, இது சாம்பல் நோய். வெள்ளை விழுந்த இலையை எல்லாம் கிள்ளிக் குழியில போட்டு மூடு. ஒண்ணு விட்டு ஒண்ணு செடியைப் பிடுங்கு, காத்து உள்ளே போகட்டும். காலையில வேர்ல மட்டும் தண்ணி ஊத்து" என்றது ஊசியம்மா.

பாதிச் செடியைப் பிடுங்குவதா? பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தும்பையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது மைனா பறந்து வந்தது. தோட்டத்துப் புழுக்களைத் தின்றுவிட்டு நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போவது அதன் தொழில்.

"அண்ணே, இது நோயா? செடிங்க உங்க நிறத்தைக் கொண்டு வளருது. பெத்த பிள்ளைகூட இப்படி உங்களைக் கொண்டு பிறக்கலையே" என்றது மைனா.

தும்பையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் நான்கு குட்டிகளும் அம்மாவைப்போல மண் நிறம். அந்தக் குறை அதற்கு வெகுநாளாக உண்டு. கறுப்பாக இருக்கிற ஊசியம்மாவுக்கு வெள்ளையைக் கண்டால் வயிற்றெரிச்சல், அதனால்தான் நோய் என்கிறது என்று முடிவு கட்டிவிட்டது. ஊசியம்மா சொன்னபடி செய்து பார்க்கலாமே என்று மனைவி கெஞ்சியபோது, உனக்கு அழகைப்பற்றி என்ன தெரியும் என்று அதன் வாயை அடைத்தது.

அதோடு விட்டதா? மூன்று செடி மட்டும் வெள்ளையாக இருந்தால் மற்றவை ஏங்கிப்போகாதா? தும்பையன் தன் வாலை அந்த மூன்று செடிகளில் ஒற்றி ஒற்றி, பச்சையாக இருந்த தொண்ணூற்றேழு செடிகளுக்கும் பூசிவிட்டது. சாம்பல் நோய்க்கு இப்படியொரு வேலைக்காரன் எந்தத் தோட்டத்திலும் வாய்த்ததில்லை. பத்தே நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை. மைனா நாள் தவறாமல் வந்து வாழ்த்தியது.

பிறகு இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. காய்ந்து உதிர்ந்தன. மைனாவையும் காணவில்லை. வானம் கறுத்தபோது தும்பையன் அலறியடித்துக்கொண்டு மண்ணைத் தோண்டியது. இலை இல்லாத செடியில் கிழங்கு எங்கிருந்து பருக்கும்? கிடைத்தவை எல்லாம் எலிவால் தடிமனில் இருந்தன. நூறும் சேர்ந்து ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

வெட்கத்தை விட்டு ஊசியம்மாவின் தோட்டத்துக்குப் போய் நின்றது. அங்கே இடைவெளி விட்டு நின்ற முப்பது செடிகளிலும் கிழங்குகள் முழங்கை அளவு திரண்டிருந்தன. ஊசியம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு தம்பி. ஆறு கிழங்குதான் தர முடியும்" என்று எடுத்துக் கொடுத்தது.

மழை ஒரு மாதம் கொட்டியது. தும்பையன் தன் பங்கையும் குட்டிகளுக்கே பிரித்துக் கொடுத்தது. நீங்க சாப்பிடலையாப்பா என்று கடைசிக் குட்டி கேட்டபோதெல்லாம் பசியில்லை என்று சொல்லிவிட்டு, அழுவது தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வெள்ளம் வடிந்தது. குட்டிகளும் அவற்றின் அம்மாவும் எப்படியோ பிழைத்து வெளியே வந்தன. அவற்றின் பின்னால், எலும்பை எண்ணிவிடலாம் என்கிற கோலத்தில் தும்பையன் தள்ளாடி வந்தது. கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, இளைச்சது உங்களுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்றது.

தும்பையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் துரத்தக் காலில் தெம்பில்லை. மண் நிறத்தில் இருந்த கடைசிக் குட்டிதான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து மைனாவைப் பார்த்து எறிந்தது.

நீதி: குறையைச் சொல்பவரைப் பகையாகவும், குறையையே அழகு என்பவரை உறவாகவும் எண்ணினால், பட்டினி கிடப்பது நம் பிள்ளைகள்தான்.