மூன்று ஊரும் ஏறிய படகு

முன்னொரு காலத்தில், நாட்டின் பேரைவிட அதன் ஆற்றின் பேர் பெரிதாக விளங்கிய ஒரு நாட்டில், கோரையூர், வன்னிநகர், சேற்றுத்துறை என மூன்று ஊர்கள் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இருந்தன. மூன்றும் தனித்தனியே சாலை போட்டன. ஒவ்வொரு சாலையும் ஊர் எல்லை வரை வந்து, முள்வேலியில் முட்டி நின்றது. வெளியூர் வணிக வண்டிகள் வேறு வழி பார்த்துப் போயின. சந்தைகள் வெறிச்சோடின.

அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. பத்து நாளுக்குள் மூன்று ஊர்த் தலைவர்களும் கூடி, மூன்று ஊருக்கும் பொதுவாகச் சாலைக்கும் சந்தைக்கும் ஒரே திட்டம் வகுத்துத் தர வேண்டும் என்றார். விகடகவி ஏகாம்பரன் மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் விருப்பண்ணர், அந்தப் பொறுப்பை அவனுக்கே தரலாம் என்று எடுத்துக் கொடுத்தார். தலைவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தவறினால் ஏகாம்பரன் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அரசரும் தலையசைத்தார்.

ஏகாம்பரன் ஊர் ஊராக அலைந்தான். மூன்று தலைவர்களும் ஒரே சபதம் செய்திருந்தார்கள்: அடுத்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை. ஒன்பது நாள் கழிந்தது.

பத்தாம் நாள் காலையில் ஒரு படகோடு வந்தான். தண்ணீர் யாருடைய மண்ணும் இல்லையே என்று சொல்லி, ஒவ்வொருவரையும் அவரவர் கரையிலேயே ஏற்றிக்கொண்டான். நடு ஆற்றில் மூவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். உச்சிவெயில் ஏறியது, பசியும் ஏறியது. கரைக்கு விடச் சொன்னார்கள்.

"எந்தக் கரையில கட்டட்டும்?" என்று படகோட்டி கேட்டான்.

மூவரும் அவரவர் ஊரைக் காட்டினார்கள். மற்றவர் கரைக்கு முதலில் படகைவிட யாரும் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று சாலைகளும் ஒன்றையொன்று தொடாமல் அறுந்து கிடந்தது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. ஆற்றின் நடுவே, எந்த ஊர்க் கணக்கிலும் சேராத மேடான திட்டு ஒன்று இருந்தது.

"அத மூணு ஊருக்கும் பொதுவா வச்சுக்கிட்டா இறங்கலாமில்ல?" என்றார் கோரையூர்த் தலைவர் சடையப்பர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

இறங்கினார்கள். ஏகாம்பரன் கட்டுச்சோற்றைப் பிரித்தான். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பேச்சு முடிந்தது: திட்டில் பொதுச் சந்தை, மூன்று கரையிலிருந்தும் பாலம், பாலங்களோடு இணையும் சாலைகள்.

மாலையில் மூன்று தலைவர்களும் உடன்வர, அந்தத் திட்டத்தை எழுதிய ஓலையை ஏகாம்பரன் அவையில் வைத்தான். விருப்பண்ணர் எழுந்து, இவர்களைப் படகில் சிறைவைத்தது கட்டாயம்தான் என்றார்.

சடையப்பர் குறுக்கிட்டார். "எந்தக் கரைன்னு கேட்டாங்க, அரசே. அடுத்தவர் கரை வேண்டாம்னு சொன்னது நாங்கதான்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரன் கழுத்தில் போட்டார். "படகைத் திருப்பி அனுப்பாதே, ஏகாம்பரா. நாளை, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத நம் அமைச்சர்களையும் ஏற்ற வேண்டும். விருப்பண்ணர் முதலில் ஏறுவார்."

அப்போதுதான் ஏகாம்பரனுக்கு மூச்சு வந்தது. பத்து நாளில் முதன்முறையாக, அவனும் சிரித்தான்.