ஏப்பத்துக்குக் காத்திருந்த அரசவை

முன்னொரு காலத்தில் வெண்ணிமலை நாட்டைப் பூபாலவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் முன்பின் பார்க்கமாட்டார்.

அவருடைய மந்திரி ஏகாம்பரத்துக்கு அம்பாள் கிருபையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. மனைவி ஒன்றுக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் மற்றது வீரிடும். பால் குடித்ததைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துவிட்டு மந்திரி சபைக்கு வர, மூன்று நாளாக நேரமாகிவிட்டது. அவர் பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த பிரதானி நாகலிங்கனார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சபையே பால்வாடை அடிக்கிறது மகாராஜா. வளர்ப்பதெல்லாம் தாய். பெயர் வைத்ததோடு தகப்பன் வேலை தீர்ந்தது. ஐந்து பெற்றவன் சொல்கிறேன்."

ராஜாவுக்கும் அது சரியென்றே பட்டது. தாமும் அப்படித்தானே இருந்தார். தகப்பனுக்கு வேறு வேலை உண்டென்று இன்றைக்கே காட்டாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போகும்படி மந்திரிக்கு உத்தரவு போட்டார்.

மந்திரி பதறவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த இளவரசியின் குழந்தையை, பால் குடித்த கையோடு தொட்டிலோடு கொண்டுவரச் சொன்னார். தாயின் வேலை முடிந்தது, மிச்சத்தை ஐந்து பெற்றவர் செய்யட்டும் என்றார்.

இதென்ன பிரமாதம் என்று நாகலிங்கனார் குழந்தையை வாங்கி அப்படியே தொட்டிலில் மல்லாத்தினார். அது நெளிந்தது, முகம் சிவந்து வீரிட்டது. தாலாட்டு ஒன்றும் தெரியாததால் மனிதர் தெரிந்ததைப் பாடினார்: "ராஜாதிராஜ, ராஜகம்பீர..." பட்டத்துக்குப் பட்டம் அழுகை ஏறியது.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்துவிட்டார். "ஏகாம்பரம், நீர் எடுமய்யா."

"எனக்குத்தான் வேலை போகப்போகிறதே மகாராஜா. தாத்தா தோள் சும்மாதானே இருக்கிறது?"

குழந்தையை ராஜாவின் தோளில் சாய்த்து, முதுகை மெல்ல நீவச் சொன்னார். சபை மூச்சுவிடாமல் நின்றது. கடைசியில் ஓர் ஏப்பம் வந்தது பாருங்கள், வாசல் காவலன்வரை கேட்டது. குழந்தை அப்படியே கண்ணயர்ந்தது.

ராஜா அசையவில்லை. கழுத்தில் அந்தச் சின்ன மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. "என் மகள் குழந்தையாக இருந்தபோது எந்தத் தோளில் தூங்குவாள்?" என்று கேட்டார். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மோதிரம் மந்திரி விரலிலேயே இருந்தது. கைக்குழந்தை உள்ள தகப்பன்மார் ஒரு நாழிகை தாமதமாக வரலாம் என்று உத்தரவாயிற்று. நாகலிங்கனாரின் ஐந்தாவது இன்னும் தொட்டிலில்தான். தினம் அதைத் தூங்கவைத்த பிறகு சபைக்கு வந்தால் போதும் என்று ராஜா அவரை அனுப்பிவிட்டார்.

பேரனை இறக்காமலே அந்தப்புரம் போய் ராணியிடமும் அதையே கேட்டார். பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"எந்தத் தோளிலும் தூங்கமாட்டாள். வாசலில் உங்கள் குதிரைச் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவாள். நீங்கள் உள்ளே வந்து பார்க்கும்போது தூங்கிப்போயிருப்பாள்."

அன்று சாயங்காலம்வரை பேரன் தோளைவிட்டு இறங்கவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அம்பாள் அப்பாவின் தோளையும் சேர்த்தே கொடுக்கட்டும்.